முள் இறங்கும் முன்பா, பின்பா?

இசைத்தட்டுகளைக் கழுவும் முறையைப் பற்றி இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழுவுவதைப் பற்றியவை அல்ல. பாட்டுக்கு அடியில் ஓயாமல் கேட்கும் கனத்த ஒலியைப் பற்றியவை. ஒருவர் அதை ‘ஊம்’ என்கிறார், ஒருவர் ‘உறுமல்’ என்கிறார், மற்றொருவர் ‘தெருமுனையில் லாரி நின்றுகொண்டிருப்பது போல’ என்கிறார். மூவரும் சொல்வது ஒரே கோளாறு அன்று என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அப்பா விட்டுச் சென்ற எல்.பி. தட்டுகளுக்காகப் புதிதாக ஒரு பெல்ட் டிரைவ் பிளேயர் வாங்கி, வீட்டிலிருந்த 1980-களின் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். முள்ளைத் தட்டில் வைப்பதற்கு முன்பே ‘ஊம்’ என்கிறது. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது. ரேடியோவுக்கு மாற்றினால் இல்லை. ஆம்ப்ளிஃபயர் பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். ரேடியோவில் அந்த ஒலி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் வறண்டு போயிருந்தால் ரேடியோ, டேப், போனோ (இசைத்தட்டு பிளேயருக்கான உள்ளீடு) என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றிலும் ஊம் கேட்டிருக்கும். போனோவில் மட்டும் கேட்பதால், கார்ட்ரிட்ஜுக்கும் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) போனோ உள்ளீட்டுக்கும் இடையிலுள்ள பாதையைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். முள் இறங்கும் முன்பே கேட்பதால் தட்டும், பெல்ட்டும், மோட்டாரின் அதிர்வும் குற்றமற்றவை என்பதும் தெளிவாகிறது. இது இயந்திரத்தின் ஒலி அன்று, மின்சாரத்தின் ஒலி.

அது ஏன் போனோவில் மட்டும் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? சாதாரண மூவிங் மேக்னட் (முள்ளோடு காந்தம் அசையும்) கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான் தருகிறது; சி.டி. பிளேயரோ 2 வோல்ட் அளவுக்குத் தருகிறது. அந்தச் சிறிய மின்னழுத்தத்தை, ஆம்ப்ளிஃபயரில் அதற்கென்றே உள்ள போனோ கட்டம் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குகிறது. அதுவும் எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக அன்று. எல்.பி. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். குறைக்காமல் வெட்டினால் பள்ளங்கள் அகலமாகி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடங்காது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் (ஆர்.ஐ.ஏ.ஏ.) வகுத்த வளைவு இதற்கான பொதுக் கணக்கு. இயக்கும்போது போனோ கட்டம் அதைத் தலைகீழாக்கி, தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 7 மடங்கு அதிகமாகப் பெருக்கப்படுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பும் அதே 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் இதில் உள்ள வம்பு.

ஆகவே செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள். பிளேயரின் பின்புறம் சிவப்பு, வெள்ளை ஒயர்களோடு மெல்லியதாக மூன்றாவது ஒன்று, நுனியில் கவட்டை போன்ற உலோகத் துண்டோடு வரும். அது எர்த் ஒயர். ஆம்ப்ளிஃபயரில் போனோ துளைகளுக்குப் பக்கத்திலுள்ள திருகில் அதை இறுக்கியிருக்க வேண்டும். பல வீடுகளில் அது சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். திருகு துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின்) உலோகப் பகுதியை விரலால் தொட்டதும் ஊம் குறைகிறது அல்லது கூடுகிறது என்றால், ஆர்மிலிருந்து எர்த் வரை உள்ள இணைப்பில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். அப்படித் தொடும்போது விரலில் சுருக்கென்றால் சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டு, சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். ஊம் போக வேண்டும் என்பதற்காக ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை ஒடித்துவிடுவது சிலர் சொல்லும் வைத்தியம். உயிரோடு விளையாடும் வைத்தியம்.

எர்த் சரியாக இருந்தும் ஊம் நின்றபாடில்லை என்றால், அது ஒரு ஸ்பீக்கரில் மட்டுமா, இரண்டிலுமா என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தலைமுடியைவிடச் சற்றே தடித்த நான்கு கம்பிகள் இருக்கும்: வெள்ளையும் நீலமும் இடது பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலது பக்கத்துக்கு. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறிய பித்தளைக் குழல் ஒன்று கார்ட்ரிட்ஜின் பின்னைக் கவ்வியிருக்கும். என் பிளேயரில் இடப்பக்கம் மட்டும் ஒரு வாரம் ஊம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் பார்த்தால் நீலக் கம்பியின் குழல் பின்னின் மேல் உட்கார்ந்திருந்ததே தவிர கவ்வவில்லை. குழலைக் கழற்றி, இடுக்கியால் மயிரிழை அளவு நெரித்து, மறுபடி செருகியதும் ஊம் அடங்கிவிட்டது. கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், குழலைப் பிடித்து இழுங்கள். கம்பி அறுந்தால் பற்றவைப்பது பொற்கொல்லர் வேலை.

இரண்டு பக்கமும் ஊம் என்றால், பிளேயரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு மேலேயோ அருகிலேயோ இருந்தால், அதனுள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜின் சுருள் நேராகவே பிடித்துக்கொள்ளும். ஆர்மைக் கையில் பிடித்து தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்த்துங்கள். நகர நகர ஊம் மாறினால் இதுதான் காரணம். பிளேயரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் தீரும். கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸ் அதே ஆம்ப்ளிஃபயரில் இணைந்திருந்தால், அதன் ஒயர்களைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேளுங்கள். தெருவிலிருந்து வரும் கேபிளின் உறை இரண்டாவது எர்த்தாக வேலை செய்து ஒரு சுற்றை உண்டாக்கிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயரின் போனோ பலகையைத் திறந்து பார்ப்பதில் பொருளுண்டு.

என்னிடம் இருப்பது 1960-களின் ரப்பர் சக்கர பிளேயர். முள் மேலே இருக்கும்போது அமைதி. தட்டில் இறங்கியதும், பாட்டு தொடங்குவதற்கு முன்பே, தூரத்தில் லாரி நிற்பது போன்ற ஒலி. சில தட்டுகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. எர்த் ஒயரைப் பலமுறை மாற்றிவிட்டேன்.
— வாசகர், நாகர்கோவில்

எர்த் ஒயரை விட்டுவிடுங்கள், பாவம். முள் இறங்கிய பிறகே கேட்பதால் இது ரம்பிள் எனப்படும் இயந்திர உறுமல். முள்ளால் பள்ளத்தின் அசைவையும் தட்டின் அசைவையும் பிரித்தறிய முடியாது. தட்டு நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் அது பாட்டாகவே எண்ணி ஒலிக்கிறது.

உங்கள் வகை பிளேயரில் மோட்டாரின் அச்சு ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அந்தச் சக்கரம் பிளாட்டரின் (தட்டு உட்காரும் சுழல்மேடையின்) உள்விளிம்பைத் தேய்த்துச் சுழற்றுகிறது. புகழ்பெற்ற கேரார்டு 301 பிளேயர் கூட இந்த ஏற்பாடுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 25. அந்த 25 ஹெர்ட்ஸ் நடுக்கம் ரப்பர் வழியாகப் பிளாட்டருக்கு ஏறுகிறது. ரப்பர் மென்மையாக இருந்த காலத்தில் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது. அறுபது ஆண்டுகளில் அது கட்டையாகிவிட்டது. 1961-ல் வந்த ஏ.ஆர். நிறுவனத்தின் பெல்ட் பிளேயர் அவ்வளவு பேசப்பட்டதற்கு ஒரு காரணம், மெதுவாகச் சுற்றும் சிறிய மோட்டாரையும் அதன் நடுக்கத்தை விழுங்கும் மெல்லிய பெல்ட்டையும் வைத்தே ரம்பிளைக் குறைத்துக் காட்டியதுதான்.

பிளாட்டரைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தின் விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றாலோ, விளிம்பு கண்ணாடி போல் மின்னினாலோ, சக்கரத்துக்குப் புது ரப்பர் போட வேண்டும். உறுமலோடு ‘டுப், டுப்’ என்று சீரான இடியும் கேட்டால், பிளேயரை அதன் சொந்த விசையால் நிறுத்தாமல் நேராகச் சுவர் சுவிட்ச்சை அணைத்த பழக்கத்தால் மோட்டார் அச்சு ரப்பரில் பள்ளம் ஏற்படுத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, நடு ஸ்பிண்டிலின் (அச்சின்) பேரிங். அதன் அடியில் ஓர் உருண்டை எஃகுக் குண்டின் மேல்தான் பிளாட்டரின் முழு எடையும் நிற்கிறது. பழைய எண்ணெய் அங்கே தேன்பாகு போல் இறுகிக் கிடக்கும். அதை வழித்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெயோ, செய்முறைக் கையேட்டில் சொன்ன எண்ணெயோ சில சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு பிளேயரையும் பார்த்திருக்கிறேன்; மார்கழியில் அது சுற்றவே மறுத்தது.

‘சில தட்டுகளில் அதிகம்’ என்பதை நீங்கள் கவனித்ததற்குப் பாராட்டு. பழைய தட்டுகள் சிலவற்றில் உறுமல் தட்டிலேயே பதிந்திருக்கிறது. வெட்டிய இயந்திரத்தின் நடுக்கம் அது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் பக்கவாட்டு அசைவு இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலியாகவும், மேலும் கீழுமான அசைவு இரு பக்கத்துக்கும் எதிரெதிரான ஒலியாகவும் வெளிப்படுகின்றன. மோனோ பொத்தான் இரண்டையும் கூட்டும்போது மேல்-கீழ் நடுக்கம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. 1960-களின் தமிழ்த் திரைப்படத் தட்டுகளில் மிகப்பெரும்பாலானவை மோனோ என்பதால், அவற்றை எப்போதும் இந்தப் பொத்தானை அழுத்தியே கேட்பது நல்லது. பாட்டில் ஒரு துளியும் குறையாது, உறுமல் குறையும்.

பெல்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நிற்கும் தட்டின் மேல் முள்ளை மெதுவாக வைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். அப்போதும் உறுமினால் மோட்டாரின் ரப்பர் தாங்கிகளில் கோளாறு. அமைதியாக இருந்து, பெல்ட்டைப் போட்டதும் உறுமினால் பேரிங்கையோ தட்டையோ பார்க்க வேண்டும். தட்டை மாற்றிக் கேட்டால் அந்த ஐயமும் தீர்ந்துவிடும்.

காதுக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. ஆனால் தட்டு ஓடும்போது வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரின்) கோன் உள்ளேயும் வெளியேயும் பெரிதாக ஆடுகிறது. ஸ்பீக்கர் கெட்டுவிடுமா?
— வாசகி, மதுரை

கேட்காத ஒலிதான் இங்கே ஆபத்தானது. எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்கிறது. தட்டு சற்றே வளைந்திருந்தால் முள் சுற்றுக்கு ஒருமுறையாவது ஏறி இறங்கும். அந்த அசைவும் அதன் மேல் உள்ள சிறு நெளிவுகளும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கின்றன. மனிதக் காதுக்கு எட்டாத இந்தத் துடிப்பை ஆம்ப்ளிஃபயர் உண்மையாகவே பெருக்கி அனுப்புகிறது. முகப்பில் துளையுள்ள ஸ்பீக்கர் பெட்டிகளில் நிலைமை இன்னும் மோசம்: துளை எந்த ஒலிக்குச் சுருதி கூட்டப்பட்டிருக்கிறதோ அதற்குக் கீழே போனால் பெட்டியிலுள்ள காற்று கோனைத் தாங்குவதை விட்டுவிடுகிறது, கோன் கட்டவிழ்ந்த கன்று போல் துள்ளுகிறது. குறைந்த சத்தத்தில் உடனே கெட்டுவிடாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் வலிமையில் பெரும்பகுதி இந்த வீண் ஆட்டத்திலேயே போய், பாட்டு கலங்கலாகக் கேட்கும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, கோனையும் ஆர்மையும் மாறிமாறிப் பாருங்கள். ஆர்ம் ஏறி இறங்கும் அதே தாளத்தில் கோன் ஆடினால் தட்டின் வளைவே காரணம். தட்டையான தட்டிலும் கோன் நடுங்கிக்கொண்டே இருந்தால், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி. ஆர்மின் எடையும் முள்ளைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்ச்சியும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் போல் ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். வளைவுகளின் துடிப்புக்கு மேலே, பாட்டின் துடிப்புக்குக் கீழே என்பது கணக்கு. ஆர்மின் செயல் எடை (எஃபெக்டிவ் மாஸ்), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை ஆகியவற்றைக் கிராமில் கூட்டி, அதைக் கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சி எண்ணால் (கம்ப்ளையன்ஸ்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் கிடைக்கும். 10, 6, 1 கிராம் சேர்ந்து 17. நெகிழ்ச்சி 20 என்றால் விடை ஏறத்தாழ 8.6. நல்ல ஜோடி. 20 கிராம் கனமான ஆர்மில் நெகிழ்ச்சி 30 உள்ள அதே எடைக் கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால் 5.6 வரும், ஒவ்வொரு வளைவுக்கும் கோன் ஆடும். ஜப்பானிய நிறுவனங்கள் சில நெகிழ்ச்சியை 100 ஹெர்ட்ஸில் அளந்து குறைவாகக் காட்டுவதுண்டு. அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக் கணக்கிடுங்கள்.

கார்ட்ரிட்ஜை மாற்ற வழியில்லை என்றால், ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்டர் என்ற பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். அது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் டபுள் பாஸின் அடிச்சுருதியும் அதற்கு மேலேயே இருப்பதால் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். அந்தப் பொத்தானை அழுத்துவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் ரசிகர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சத்தத்தைப் பாதிக்கு மேல் வைத்தால் ‘ஓ’ என்று ஓர் ஊளை கிளம்பி வளர்ந்துகொண்டே போகிறது. பிளேயரும் ஸ்பீக்கர்களும் ஒரே தேக்கு அலமாரியில் இருக்கின்றன. அடியில் கடப்பா கல் போட்டும் பயனில்லை.
— வாசகர், காரைக்குடி

தேக்கு அலமாரியின் அழகுக்குக் குறை சொல்லவில்லை. ஆனால் குற்றவாளி அதுதான். ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக முள்ளுக்குப் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. உறுதிசெய்துகொள்ள, மோட்டாரை அணைத்து, நிற்கும் தட்டின் மேல் முள்ளை வைத்து, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கையை அதிலிருந்து எடுக்காதீர்கள். பாட்டே இல்லாமல் ஊளை தொடங்கினால் ஐயமில்லை.

கல் எடையைத் தரும், அதிர்வைத் தடுக்காது. தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும் பொருள் அதிர்வைக் கடத்தவே செய்யும். கல்லுக்கு அடியில் நெகிழும் பொருள் வேண்டும். டென்னிஸ் பந்துகள் இரண்டை நேர்பாதியாக அறுத்து, நான்கு மூலைகளிலும் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கல்லையும் கல்லின் மேல் பிளேயரையும் வைத்துப் பாருங்கள். அதைவிட நல்லது, ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்து இறக்கித் தனி ஸ்டாண்டில் வைப்பது. எல்லாவற்றிலும் நல்லது, பிளேயரை மட்டும் செங்கல் சுவரில் அறைந்த பிராக்கெட்டுக்கு மாற்றுவது. அறையின் மூலையைத் தவிருங்கள். தாழ்ந்த ஒலிகள் அங்கேதான் குவிகின்றன. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில பிளேயர்களில் அந்த மூடியே காற்றில் வரும் அதிர்வைப் பிடித்துத் தரும் தோல்வாத்தியமாக இருக்கிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரப்பான ‘ஙீ’ ஒலி. ஏன்?
— வாசகர், திருநெல்வேலி

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அது தரும் சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250 என்று அதன் ஒற்றைப்படை மடங்குகளும் கலந்து வருவதால் ஊம் கரகரப்பாகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது பெரும்பாலும் இராது. கரண்ட் இருக்கும்போதும் அதே கரகரப்பு கேட்டால், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துக் கேளுங்கள்.

தாத்தாவின் பெட்டி வடிவ பிளேயரை ஆம்ப்ளிஃபயரின் போனோவில் இணைத்தால் எல்லாமே ‘டொம் டொம்’ என்று அடிக்கனமாகக் கேட்கிறது.
— வாசகி, புதுச்சேரி

அது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்; காந்தத்துக்குப் பதில், அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் துண்டு கொண்டது. அதற்குப் போனோ கட்டமே தேவையில்லை. பல நூறு மில்லிவோல்ட்டை அதுவே தரும், சுருதிச் சமன்பாட்டையும் தன் இயல்பிலேயே ஏறத்தாழச் செய்துகொள்ளும். ஆக்ஸ் துளையில் (மற்ற கருவிகளுக்கான பொது உள்ளீட்டில்) இணையுங்கள். அங்கே பாட்டு மெலிந்து, அடிக்கனமே இல்லாமல் கேட்டால், இடையில் 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட சிறிய பஃபர் சுற்று ஒன்றைச் செய்து வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். இத்தகைய பழைய பெட்டிகள் சிலவற்றில் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக உள்ளே போகும். ஆகவே வேறு கருவியோடு இணைப்பதற்கு முன் தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்த்துவிடுவது கட்டாயம்.

தட்டுகளை லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். ஸ்பீக்கரில் இல்லாத ஊம் பதிவில் மட்டும் வருகிறது.
— வாசகர், திருச்சி

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். சார்ஜர் வழியாக வரும் எர்த் சுற்றோ கசிவோதான் அந்த ஊம். ஒரு பக்கம் பதிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடாது.